இந்தியா நீங்கலாக என் முகம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன். அதிலும் குடிமையியல் பாடத்தைப் பரீட்சைக்கு விட்டுவிடலாம் என்று டீச்சரே சொன்னதால் விட்டுவிட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தது உண்டு. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆனால் எழுதப்போவதே முகத்தைப் பற்றித்தான்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நீளமான கொட்டகை, பாகு காய்ச்சும் அண்டா, மிட்டாயைத் தேய்க்கும் பலகை, நாங்கள் உட்காரும் மேஜை, அவ்வளவுதான். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருடைய மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து மிட்டாயை இன்டர்நெட்டில் விற்க ஆரம்பித்தான். அதிலிருந்து வெளிநாட்டுக்கும் பார்சல் போகிறது.

வெளிநாட்டுக்கு மிட்டாய் அனுப்புவது லேசான காரியம் இல்லை. எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுச் சட்டப்படி பெட்டியில் எழுத வேண்டும். 'இதில் நிலக்கடலை உள்ளது' என்று எச்சரிக்கை போட வேண்டும். கடலைமிட்டாயில் கடலை இருக்கிறது என்பதுதான் எச்சரிக்கை. அந்த ஸ்டிக்கரை ஒட்டுவது என் வேலை. ஒட்டாமல் போன பெட்டி ஒன்று துறைமுகத்திலிருந்தே திரும்பி வந்திருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மிட்டாய்க்கு இவ்வளவு காவல் இருக்கும்போது மனுஷி முகத்துக்கும் ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அண்ணாச்சி மகன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இந்தத் தட்டைப் பிடிச்சிக்கிட்டு அண்டா பக்கத்துல நில்லுங்க. கம்பெனி பேஜுல போடணும்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினேன். எனக்குச் சொல்லத் தொடங்குவதற்கே கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் ஏப்ரனையும் தலையில் மாட்டும் வலையையும் கழற்றச் சொல்லி, சேலை நன்றாகத் தெரிகிற மாதிரி நிற்க வைத்து எடுத்துவிட்டான். 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் எடுத்ததால் சிரித்த மாதிரி விழுந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. இடைசெவலில் வீடு. ஆடு வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் புஞ்சையும் உண்டு. பையன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பெண் பார்த்துப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. மகளும் பையனும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அவனை மனசார விரும்பிவிட்டாள். சமையல் செய்யும்போது பாட்டு முனக ஆரம்பித்திருந்தாள். அவள் பாட்டு முனகி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் மகளுக்குப் போன் செய்து, "உங்க அம்மா மாடல் ஆயிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். ஒரு லிங்க்கும் அனுப்பினான். மகள் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் காட்டாமல் வைத்திருந்தாள். பிறகு காட்டினாள்.

ஒரு களிம்பு விளம்பரம். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் படத்தில் நான். கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கையில் தட்டு இல்லை, களிம்புப் பெட்டி இருந்தது. இரண்டாவது படத்திலும் நான்தான். முகம் சுத்தமாக இருந்தது. கையில் அதே பெட்டி. களிம்பு போடுவதற்கு முன், போட்ட பின் என்று அர்த்தமாம். முதல் படத்தைப் பார்க்க எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. நான்தான், ஆனால் நான் இல்லாத மாதிரி. புள்ளிகளால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கிங் செய்யும் அக்காவுக்கு உண்மையாகவே உதட்டிலும் விரல்களிலும் வெண்புள்ளி உண்டு. அது தொற்றாது, வியாதியே இல்லை என்று எல்லா டாக்டரும் சொல்லியாயிற்று. ஊர் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் காட்டலாமா என்று யோசித்தேன். அவரே போனை வாங்கிப் பார்த்துவிட்டார்.

"வெள்ளை இப்படியா இருக்கும்? சுண்ணாம்பு தெளிச்ச மாதிரில்லா வரஞ்சு வச்சிருக்கான்" என்றார். அப்புறம், "என்னயக் கேட்டிருந்தா என் மூஞ்சியச் சும்மாவே குடுத்திருப்பேன். வரையுற வேலையாவது மிச்சமாயிருக்கும்" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் பையன் அதை வேடிக்கையாக நினைத்துத் தன் அம்மாவிடமும் சொல்லியிருந்தான். நாள் குறிக்க வருவதாக இருந்த அந்த அம்மா வரவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கிடுவோம், மதினி" என்று போனில் சொன்னார். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மகளின் பாட்டு நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரி டிரைவர். அப்போது நாக்பூர் பக்கம் இருந்தார். போனில் சொன்னேன். "நீ களிம்பு எதுவும் வாங்குனியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன என்ன?" என்று வைத்துவிட்டார்.

அண்ணாச்சிக்குத்தான் கோபம் வந்தது. மிட்டாய்த் தட்டை எடுத்துவிட்டார்களே என்று. என்னையும் மகளையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு சைபர் போலீஸ் ஆபீசுக்குப் போனார். அங்கே ஒரு எஸ்.ஐ. அம்மா இருந்தார். பொறுமையானவர். டீ வாங்கிக் கொடுத்தார்.

"சம்பவம் நடந்த இடம்?" என்று கேட்டார்.

"அண்டா பக்கத்துலம்மா" என்றார் அண்ணாச்சி.

"எந்த அண்டா?"

"பாகு காய்ச்சுத அண்டா. அங்கன நின்னுதான் இவிய போட்டோவுக்குச் சிரிச்சாவ."

"அது போட்டோ எடுத்த இடம், அண்ணாச்சி. அதுல ஒரு குத்தமும் இல்ல. போட்டோவுல வெள்ளை அடிச்ச இடம் எது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சம்பவம் நடந்த இடம் தெரியாமல் போலீசுக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

எஸ்.ஐ. அம்மா மேஜையில் இருந்த சாமான்களை நகர்த்தி விளக்கினார். களிம்பு விற்கிறவன் ஒரு நாட்டில் இருக்கிறான், அது ஸ்டேப்ளர். அவனுடைய வெப்சைட்டின் பெயரைப் பதிவு செய்தது வேறு நாட்டில். அது மை டப்பா. படத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மூன்றாவது நாட்டில். அது பேப்பர் வெயிட். விளம்பரத்தைப் போனில் கொண்டுவந்து காட்டும் பெரிய கம்பெனி இன்னொரு நாட்டில். அது டீ கிளாஸ்.

"இதுல நம்ம நாடு எதும்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நம்ம நாடு மேஜையிலேயே இல்ல. நாம நாற்காலியில உக்காந்திருக்கோம்."

அண்ணாச்சி பேப்பர் வெயிட்டை நகர்த்திப் பார்த்தார். "எங்க பக்கம் வரப்புத் தகராறுன்னா சர்வேயர் சங்கிலியக் கொண்டாந்து அளந்து, இது உன்னுது, இது அவன்துன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. இதுக்கு அப்படி யாரும் கெடையாதா?"

"கெடையாது" என்றார் எஸ்.ஐ. அம்மா. வெளிநாட்டிலிருந்து செய்தாலும் நம் சட்டப்படி இது குற்றம்தான், சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். ஆனால் செய்தவனைப் பிடிக்க அந்த நாடு உதவ வேண்டும். ஒரு களிம்புக்காக நாடுகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வது நடக்கிற காரியம் இல்லை என்றும் சொன்னார். "டீ கிளாசுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அவன் இங்கயும் யாவாரம் பண்ணுதான். அதனால நம்ம சொல்லக் கேப்பான்."

டீ கிளாஸ் கேட்டது. சில நாட்களில் மகளின் போனுக்கு ஒரு மெயில் வந்தது. நல்ல மரியாதையான மெயில். உங்கள் நாட்டுச் சட்டத்தை மதித்து, உங்கள் நாட்டில் இந்தப் படத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டோம் என்று இருந்தது. அண்ணாச்சி கம்பெனியில் இருந்த எல்லோருடைய போனையும் வாங்கித் தேடிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. எல்லோருக்கும் உடைந்த மிட்டாய் கொடுத்தார்.

மகள் உடனே மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். பையன் பார்த்துவிட்டு, "இங்கன தெரியுதே" என்றான்.

மெயிலை மகள் மறுபடி படித்தாள். அதில் 'உங்கள் நாட்டில்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. நாங்கள்தான் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணாச்சியின் தங்கை மகளிடம் கேட்டோம். அங்கேயும் தெரிந்தது. இந்தியாவில் மட்டும் எனக்கு வெண்புள்ளி இல்லை. எல்லையைத் தாண்டினால் வந்துவிடுகிறது.

எஸ்.ஐ. அம்மாவிடம் மகள் போனில் கேட்டாள். "நம்ம கை எட்டுனது அவ்வளவுதாம்மா. மஸ்கட்டுல மறைக்க மஸ்கட் சட்டம் சொல்லணும்" என்றார். நான் மஸ்கட் போனதில்லை. என்னைத் தெரியாத ஒரு நாட்டின் சட்டம் என் முகத்துக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

இந்த நிலைமையில் ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், பையனின் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். நல்ல உயரமான பொம்பிளை. ஆட்டுக் கிடைக்குப் பின்னால் வெயிலில் நடந்து பழகிய உடம்பு. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மதினி, செத்த வெளிய வாங்க. உள்ள இருட்டா இருக்கு" என்றார்.

போனேன். வாசலில் நல்ல வெயில். தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். ஆடு வாங்கும்போது பல்லையும் பார்ப்பார்கள். என் பல்லைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்குக் கண் இருட்டியது.

"மூஞ்சி சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது.

"அதான் சங்கடமா இருக்கு" என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்: "அந்த மருந்தப் போட்டா வெள்ளை போயிரும்னு படத்துல போட்டிருக்கானாம்லா. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நீங்க பின்னால உள்ளது மாதிரியே இருக்கீங்க, மதினி."

நான் நன்றாக இருப்பது அந்தக் களிம்புக்குச் சாட்சியாகிவிட்டது. புள்ளி இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்.

என் மகள் வாசற்படியில் நின்றுகொண்டு, "அத்தை, அம்மா அந்த மருந்தக் கண்ணால கூடப் பாத்ததில்ல" என்றாள்.

"பாத்தேன்னு யாருட்டி சொல்லுவா?" என்றார் அந்த அம்மா. "ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இந்தியாவுல மட்டும் மறைச்சீங்க? என் மகன் சொல்லுதான், மத்த ஊருல எல்லாம் தெரியுதாம். பொண்ணு எடுக்குத ஊருல மட்டும் தெரியக் கூடாதுன்னு செஞ்ச மாதிரில்லா இருக்கு."

ஸ்டேப்ளர், மை டப்பா எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அவ்வளவு சாமான் இல்லை. இருந்தாலும் எனக்குச் சொல்ல வந்திருக்காது.

"நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களா, அத்தை?" என்று மகள் கேட்டாள்.

பார்த்திருக்கவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். மகன் வாயால் சொன்னதுதான். பக்கத்து வீட்டுப் போனில் பார்க்கலாம் என்று போனபோது படம் மறைந்துவிட்டது. அதனால்தான் சந்தேகம் இரண்டு மடங்கானது.

மகள் மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டாள். அன்று அவனுக்கு விடுமுறை. ரூமில் இருந்தான். லேப்டாப்பில் அந்த விளம்பரத்தைத் திறந்து, அதற்கு நேராகப் போனைப் பிடித்தான். எஸ்.ஐ. அம்மா நோட்டீஸ் அனுப்பி நிறுத்திய படம் அப்படியே எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"ஏலே, ஆடாமப் பிடி" என்றார் அந்த அம்மா.

"நான் ஆடலம்மா. நெட்டு ஆடுது."

"கிட்டக்கக் கொண்டா."

வெகு நேரம் பார்த்தார். அவர் வீட்டு ஆடுகளுக்கு இடது காதில் வெட்டு இருக்கும். பக்கத்து ஊர் ஆடுகளுக்கு வலது காதில். இரண்டு கிடையும் கலந்துவிட்டால் இவர்தான் நின்று பிரிப்பாராம். இதை அவர் பெண் பார்க்க வந்தபோது பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த மாதிரித்தான் இப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏலே, ரெண்டும் ஒரே ஆளுன்னா சொன்ன?"

"ஆமாம்மா."

"கண்ணு இருக்கா உனக்கு? இவளுக்கு முந்தானை வலது தோள்ல கெடக்கு. இவியளுக்கு இடது தோள்ல கெடக்கு."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. புள்ளி வைத்த படத்தை மட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே போட்டோ என்று தெரியக் கூடாது என்பதற்காக இருக்கும்.

"படத்தத் திருப்பிப் போட்டிருப்பான்மா" என்றான் பையன்.

"படத்த எதுக்குலே திருப்பணும்? அது என்ன தோசையா?" அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "மருந்து போட்டா வெள்ளை போகும். முந்தானை தோள் மாறுமா, மதினி? நம்ம பக்கத்துல எவ வலது தோள்ல போடுதா? இவ வடக்கத்தி. டிவியில பாத்திருக்கேன். அங்கன அப்படித்தான் போடுவாளுக. யாரோ ஒரு வடக்கத்திக்கு வெள்ளை வந்திருக்கு. அவளுக்குப் பக்கத்துல உங்க படத்தக் கொண்டுபோய் ஒட்டிட்டான், படுபாவி."

என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்குச் சம்பந்தியாகப்போகிறவரிடம் தவறான விவரம் இருக்கக் கூடாது என்று நினைத்து, மிகவும் முயற்சி செய்து சொன்னேன்.

"மதினி, ரெண்டும் நான்தான்."

"சும்மா இருங்க, மதினி. உங்க மூஞ்சி உங்களுக்கே தெரியல" என்றார்.

போனில் பையன் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகள் அவசரமாகக் காப்பி போடப் போனாள். அந்த அம்மா இன்னொரு முறை படத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், யாரு பெத்த பிள்ளையோ. அவளுக்கு நல்லாகணும்" என்று வடக்கத்திக்காக வருத்தப்பட்டார். பிறகு காப்பியைக் குடித்துவிட்டு, "ஏலே, லீவு சொல்லி வை. வைகாசியில வச்சிக்கிடுவோம்" என்று மகனிடம் சொன்னார்.

அப்படித்தான் தீர்ந்தது. ஒரு நாட்டின் நோட்டீசால் மஸ்கட்டில் மறைக்க முடியாத புள்ளிகளை இடைசெவலில் இருந்து வந்தவர் ஒரே மத்தியானத்தில் வேறொருத்திக்கு மாற்றிவிட்டுப் போனார். அவர் சொன்னதை மேல்முறையீடு செய்ய இடம் இல்லை. நான் செய்ய முயன்று பார்த்ததை மேலே எழுதியிருக்கிறேன். சாயங்காலம் மகள் வெங்காயம் உரித்துக்கொண்டே பாட்டு முனகினாள். படம் இன்றைக்கும் இந்தியா நீங்கலாக எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. களிம்பு நன்றாக விற்கிறது போல.

மறுநாள் வேலைக்குப் போனேன். பக்கத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவரை ஒட்டிக்கொண்டே, "அந்த வடக்கத்திக்குக் கட்டிக்குடுக்குத வயசுல பொண்ணு இருந்தா என்ன செய்யுவா?" என்று கேட்டார். நான் அடுத்த பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி மகன் போனோடு வந்து, கம்பெனி பேஜுக்குப் புதுப் போட்டோ வேண்டும் என்றான். நான் எழுந்து அண்டாவுக்குப் பின்னால் போய்விட்டேன். அந்த அக்கா, "நான் நிக்கட்டுமா?" என்று கேட்டார். அவன் தட்டை மேஜையில் வைத்து, தட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.